ஆடாத பெஞ்ச், கையில் தூக்கும் பெட்டி: ஃப்ளாட்டுக்குள் மரவேலைப் பட்டறை சாத்தியமா?

1961-ம் ஆண்டு. இங்கிலாந்தில் வசித்த ரான் ஹிக்மன் வீட்டுக்கு ஒரு துணி அலமாரி செய்துகொண்டிருந்தார். தனியாகப் பட்டறை எதுவும் கிடையாது. கையில் கிடைத்த நாற்காலியின் மேல் பலகையை வைத்து ரம்பத்தால் அறுத்தார். பலகை அறுந்தது, கூடவே நாற்காலியும் அறுந்தது. விலை அதிகமான ஸ்வீடன் நாற்காலி அது.

தென்னாப்பிரிக்காவில் பிறந்த ஹிக்மன் சாதாரண ஆள் இல்லை. லோட்டஸ் நிறுவனத்தின் புகழ்பெற்ற 'எலான்' காரை வடிவமைத்தவர். வீட்டில் வேலை செய்பவர்களுக்கு மடக்கி வைக்கிற மாதிரி ஒரு ஒர்க் பெஞ்ச் ஏன் இல்லை என்ற கேள்வி அவருக்குள் எழுந்தது. தானே ஒன்றைச் செய்தார். அதை எடுத்துக்கொண்டு கருவி நிறுவனங்களின் கதவைத் தட்டினார். இதெல்லாம் டஜன் கணக்கில்தான் விற்கும், நூற்றுக்கணக்கில்கூடப் போகாது என்ற ரீதியில் ஸ்டான்லி நிறுவனம் கைவிரித்தது. பிளாக் அண்ட் டெக்கரும் முதலில் வேண்டாம் என்றது. ஹிக்மன் அசரவில்லை, தானே தயாரித்து நேரடியாக விற்றார். பிறகு மனம் மாறிய பிளாக் அண்ட் டெக்கர் 1973-ல் அதை 'ஒர்க்மேட்' என்ற பெயரில் தயாரிக்கத் தொடங்கியது. 1981-க்குள் 1 கோடி பெஞ்சுகள் விற்றுத் தீர்ந்தன.

டஜன் கணக்கு எங்கே, 1 கோடி எங்கே! வீட்டில் இடம் இல்லாமல், ஆனால் கையால் ஏதாவது செய்து பார்க்கணும் என்ற ஆசையோடு எத்தனை பேர் இருந்தார்கள் என்பதை அந்த நிறுவனங்கள் கணிக்கத் தவறிவிட்டன.

சென்னை, கோவை, பெங்களூரு ஃப்ளாட்டுகளில் இன்று அதே நிலைமைதான். 11 மாத வாடகை ஒப்பந்தம், ஒரு பெட்ரூம், ஒரு சின்ன பால்கனி. யூடியூபில் மரவேலை வீடியோ பார்த்து உளியும் ரம்பமும் வாங்கிவிடுகிறார்கள். ஆனால், முதல் பலகையை டைனிங் டேபிளில் வைத்து இழைக்கும்போதே டேபிள் நகர ஆரம்பித்துவிடும். ஆர்வமும் அதோடு நகர்ந்து போய்விடும்.

இதுக்கு என்னதான் வழி? கையில் தூக்கக்கூடிய ஒரு கருவிப் பெட்டியும், வேலை முடிந்ததும் ஓரமாக வைக்கக்கூடிய ஒரு பெஞ்சும் இருந்தால் போதும். ஆனால், அதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது.

பெஞ்ச் என்பது மேஜை இல்லை

பலரும் ஒர்க் பெஞ்சை 'உறுதியான மேஜை' என்றுதான் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு பிடிப்பான். மரத்தை மூன்று விதமாகப் பிடித்துத் தர வேண்டும். பலகையைப் படுக்கவைத்து முகத்தை இழைக்க ஒரு பிடி, நிமிர்த்தி விளிம்பைச் சீவ ஒரு பிடி, செங்குத்தாக நிறுத்தி முனையை அறுக்க ஒரு பிடி. இந்த மூன்றும் கிடைத்தால் அது பெஞ்ச். கிடைக்காவிட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் அது வெறும் மேஜைதான்.

அடுத்தது எடை. இழைப்புளியைத் தள்ளும்போது உடம்பின் முழு பலமும் பக்கவாட்டில் போகிறது. பெஞ்ச் லேசாக இருந்தால் பலகையோடு சேர்ந்து அதுவும் ஓடும். உளியைக் கொட்டாப்புளியால் அடிக்கும்போது பெஞ்ச் துள்ளினால், அடியின் பலத்தில் பாதியை அந்தத் துள்ளலே தின்றுவிடும்.

அதனால்தான் பழைய ஐரோப்பியப் பட்டறைகளில் பெஞ்ச் ஒரு யானை மாதிரி நின்றது. 18-ம் நூற்றாண்டில் பிரான்சின் ஆந்த்ரே ரூபோ மரவேலை பற்றி எழுதிய பெரிய நூலில், பெஞ்சின் மேல்பலகை 5 அல்லது 6 அங்குலத் தடிமன் இருக்க வேண்டும் என்கிறார். 9 அடி நீளத்தில் அப்படிச் செய்தால், மேல்பலகை மட்டுமே 100 கிலோவைத் தாண்டிவிடும். மூன்றாவது மாடிக்கு அதை ஏற்றுவதை நினைத்துப் பாருங்கள். அடுத்த வருடம் வீடு மாறும்போது திரும்ப இறக்கவும் வேண்டும்.

ஆக, சிக்கல் இதுதான். நல்ல பெஞ்ச் என்றால் கனமாக இருக்கணும். தூக்கிச் செல்லும் பெஞ்ச் என்றால் லேசாக இருக்கணும். இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி முடியும்?

எடையைக் கடன் வாங்கு!

தேவையான எடை பெஞ்சுக்குள்ளேயே இருக்க வேண்டிய அவசியம் இல்லை. வேறு எங்கிருந்தாவது கடன் வாங்கிக்கொள்ளலாம். ஹிக்மனின் ஒர்க்மேட்டை உற்றுப் பாருங்கள். கீழே ஒரு படி இருக்கும். பார்க்க ஏதோ அலங்காரம் போலத் தெரிந்தாலும், வேலை செய்பவர் அதில் ஒரு காலை ஊன்றி அழுத்தத்தான் அந்தப் படி. பெஞ்சுக்கு இல்லாத எடையை ஆளின் எடை கொடுத்துவிடுகிறது. மேல்பக்கம் இரண்டு நீளப் பலகைகள். இரண்டு முனையிலும் தனித்தனித் திருகாணிகள். அந்தப் பலகைகளே பெஞ்சின் பரப்பாகவும், மரத்தைக் கவ்வும் தாடையாகவும் வேலை செய்கின்றன. ஒரு முனையை மட்டும் கூடுதலாகத் திருகினால், ஒரு பக்கம் குறுகலாக இருக்கும் துண்டைக்கூடப் பிடித்துக்கொள்ளும்.

ஆனால், இந்த யோசனை ஹிக்மனுக்கு முன்பே, ரொம்பவே முன்பே, இருந்திருக்கிறது. ஜெர்மனியில் ஸால்பர்க் என்ற ரோமானியக் கோட்டை இருக்கிறது. அங்கே கிணற்றுக்குள்ளிருந்து கிடைத்த மரச் சாமான்களில் கி.பி. 2-ம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒர்க் பெஞ்சும் உண்டு. ரோமானியர்கள் பயன்படுத்திய பெஞ்சுகளில் ஒரு வகை முழங்கால் உயரம்தான் இருக்கும். ஒரு தடித்த பலகை, அதற்கு விரிந்த கால்கள், அவ்வளவுதான். தச்சர் அதன் மேல் குதிரையில் உட்காருவது போல உட்கார்ந்துகொள்வார். மரத்தையும் பெஞ்சையும் சேர்த்து அவருடைய உடம்பே அழுத்திப் பிடித்துக்கொள்ளும்.

நம்ம ஊர் கட்டட சைட்டுகளில் இதைத் தினமும் பார்க்கலாம். தச்சர் தரையில் உட்கார்ந்து, பலகையைப் பாதத்தால் மிதித்துக்கொண்டு, கதவுச் சட்டத்துக்கு உளி போடுவார். வைஸும் அவர்தான், எடையும் அவர்தான். 'பெஞ்ச் வாங்க வசதி இல்லாததால் இப்படிச் சமாளிக்கிறார்' என்று இதைப் பார்ப்பது தவறு. நாளுக்கு ஒரு சைட் மாறும் தொழிலில், எதையும் சுமக்காமலேயே பெஞ்சின் வேலையைச் செய்துகொள்ளும் முறை இது. இதற்கான விலையை முதுகும் முழங்காலும் கொடுக்கின்றன என்பதும் உண்மைதான். பழக்கம் இல்லாத ஐ.டி. ஊழியர் அரை மணி நேரம் அப்படி உட்கார்ந்தால் மறுநாள் எழுந்து நடக்கச் சிரமப்படுவார்.

இன்னொரு வழி, கழற்றி மாட்டுவது. இதுக்கு நல்ல உதாரணம் சேலத்தில் இருக்கிறது. நம்ம சேலம் இல்லை. 1766-ல் மொரேவியன் கிறிஸ்தவர்கள் அமெரிக்காவின் வட கரோலினாவில் உருவாக்கிய சேலம். அவர்களின் பெயரால் 'மொரேவியன் பெஞ்ச்' என்றே ஒரு வகை உண்டு. சாய்வான கால்கள் கொண்ட இரண்டு சட்டங்கள், அவற்றை இணைக்கும் நீளக் கட்டைகள். கட்டையின் முனையில் உள்ள நாக்கு, சட்டத்தின் துளை வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதில் ஒரு ஆப்பு அடித்தால் இறுகிவிடும். ஆப்பைத் தட்டி எடுத்தால் மொத்த பெஞ்சும் சில நிமிடத்தில் துண்டு துண்டாகக் கழன்றுவிடும். ஆனால், துண்டுகள் லேசாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். சுமையைப் பிரிக்கிறதே தவிர, குறைப்பதில்லை. லிஃப்ட் இருக்கும் வீட்டுக்கு இது சரி.

ஃப்ளாட்டுக்கு எது?

மூன்றில் எது நம் ஃப்ளாட்டுக்குப் பொருந்தும்? ரெடிமேடாக வாங்குவதென்றால் ஒர்க்மேட் மாதிரியான மடிப்பு பெஞ்ச் போதும். அறுப்பதற்கும் டிரில் போடுவதற்கும் அருமையானது. இழைப்பதற்குக் கொஞ்சம் தடுமாறும். கையால் செய்து பார்க்க ஆசை என்றால், அந்த ரோமானிய வகைத் தாழ் பெஞ்சுதான் சரியான தேர்வு. வேலை இல்லாத நேரத்தில் ஹாலில் உட்காரும் பெஞ்சாகவும் கிடக்கும். வீட்டு ஓனர் வந்தாலும் கேள்வி கேட்க மாட்டார்.

அளவு? 120 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம். 18 மி.மீ. பிளைவுட் துண்டுகள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் 54 மி.மீ. தடிமனில் மேல்பலகை தயார். அதன் எடை 12, 13 கிலோ வரும். நான்கு கால்களுக்கு மட்டும் ரப்பர்வுட், வேம்பு போன்ற கெட்டியான மரம் வேண்டும். எல்லாம் சேர்த்து 17 கிலோவை ஒட்டி நிற்கும். ஒரு ஆள் தாராளமாகத் தூக்கலாம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் அதன் மேல் உட்கார்ந்ததும் 77 கிலோ பெஞ்சாக மாறிவிடும். எழுந்தால் மறுபடியும் 17 கிலோ.

கால்கள் நேராக இல்லாமல் வெளிப்பக்கம் விரிந்திருக்க வேண்டும். இழைக்கும்போது பெஞ்ச் கவிழாமல் தடுப்பது அந்த விரிவுதான். இரண்டிரண்டு கால்களை ஒரு சட்டமாக இணைத்து, சட்டத்தை மேல்பலகையின் அடியில் போல்ட், விங் நட் போட்டு மாட்டினால் வீடு மாறும்போது கழற்றிவிடலாம். போல்ட் தலை மேற்பரப்புக்கு மேல் துருத்தக் கூடாது. இழைப்புளியின் தகடு அதில் ஒரு தடவை பட்டால் போதும், அன்றைய வேலை முழுக்கத் தீட்டுக்கல்லோடுதான்.

இனி பிடிப்பு. மேல்பலகையில் 19 மி.மீ. துளைகள் சில போட்டு, அதற்குள் இறுக்கமாக நிற்கும் மரக்குச்சிகள் செய்துகொள்ளுங்கள். முன்பக்கத் துளையில் ஒரு குச்சியை நிறுத்தினால், இழைக்கும் பலகை அதில் முட்டி நிற்கும். குச்சி, பலகையின் தடிமனைவிடக் கொஞ்சம் தாழ்வாக இருக்கட்டும். இரண்டு குச்சிகளை அருகருகே நட்டு நடுவில் பலகையையும் ஒரு ஆப்பையும் செருகினால், அதுவே வைஸ். விளிம்பைச் சீவ இது போதும். முனையை அறுக்க, பெஞ்சின் பக்கவாட்டில் பலகையை நிறுத்தி இரண்டு எஃப்-கிளாம்ப் மாட்டிக்கொள்ளலாம்.

பலகை பக்கவாட்டில் வழுக்கினால்? அதற்கு ஒரு பழைய தந்திரம் இருக்கிறது. மெல்லிய ரீப்பர் துண்டின் ஒரு முனையில் 'வி' வடிவத்தில் ஒரு வெட்டு போடுங்கள். அந்த வெட்டை, பலகையின் பின்மூலையில் முட்டவைத்து, ரீப்பரை பெஞ்சோடு கிளாம்ப் செய்துவிடுங்கள். முன்னால் குச்சி, பின்னால் இந்த 'வி'. குறுக்காக இழைத்தாலும் பலகை அசையாது. ஒரு ரூபாய் செலவில்லாத இந்தத் துண்டு, பல ஆயிரம் ரூபாய் வைஸின் வேலையைச் செய்துவிடுகிறது.

சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கால்களுக்கு அடியில் பழைய யோகா மேட்டை மடித்துப் போட்டால் கீழ்வீட்டுக்குப் போகும் அதிர்வு கணிசமாகக் குறையும். அதற்காக, இரவு 10 மணிக்கு உளி அடிக்க மேட் அனுமதி தராது.

பெட்டிக்குள் என்ன? பெட்டிக்குக் கீழே என்ன?

1936-ல் ஸ்வீடனின் காட்லாந்து தீவில் மாஸ்டர்மிர் என்ற வற்றிய சதுப்பு நிலத்தை உழுதுகொண்டிருந்த விவசாயியின் ஏரில் ஒரு ஓக் மரப் பெட்டி சிக்கியது. சுமார் 1000 ஆண்டுகளுக்கு முந்தைய வைக்கிங் காலத்துக் கருவிப் பெட்டி அது. கிட்டத்தட்ட 90 செ.மீ. நீளம், 26 செ.மீ. அகலம், 24 செ.மீ. உயரம். அந்தக் கண்டெடுப்பில் இருந்த பொருட்கள் 200-க்கும் மேல். சுத்தி, ரம்பம், கோடாரி, அரம், துளையிடும் கருவி என்று தச்சு வேலைக்கும் கொல்லு வேலைக்குமான மொத்த உலகமும் அதற்குள் இருந்தது. பெட்டிக்குப் பூட்டு இருந்தது. போதாதென்று சுற்றிலும் சங்கிலி வேறு.

சங்கிலி எதுக்கு என்று எந்தத் தச்சரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஊர் ஊராகப் போய் வேலை செய்பவருக்குக் கருவிகள் தொலைந்தால் மறுநாள் கூலி இல்லை. இன்றைக்கும் சைட்டில் ரெக்சின் பையில் கருவிகளைப் போட்டு வைப்பவருக்கு அதே பயம்தான். பையில் இன்னொரு பிரச்சினையும் உண்டு. உளியின் கூரும் ரம்பத்தின் பல்லும் ஒன்றோடொன்று உரசி, தீட்டிய வேலையெல்லாம் வழியிலேயே வீணாகிவிடும். பெட்டி, கூர்மையைக் காப்பாற்றுகிறது. வேலை செய்பவருக்கு அது நேரமும் பணமும்.

மாஸ்டர்மிர் பெட்டியின் கட்டுமானத்தில் இன்று பெட்டி செய்பவர் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. அடிப்பலகையின் நாக்கு, இரு முனைப் பலகைகளின் துளைக்குள் செருகியிருந்தது. ஏன் அப்படி? பெட்டியைத் தூக்கும்போது கைப்பிடி மேலே இழுக்கிறது; கருவிகளின் எடை அடிப்பலகையைக் கீழே தள்ளுகிறது. அடியில் வெறும் ஆணி அடித்திருந்தால், ஒவ்வொரு தடவை தூக்கும்போதும் ஆணி கொஞ்சம் கொஞ்சமாக உருவிக்கொண்டு வரும். ஒருநாள் படிக்கட்டில் மொத்தமும் கொட்டும். வீட்டில் செய்யும் பெட்டியில் துளை, நாக்கு எல்லாம் கஷ்டம் என்றால், பக்கப் பலகைகளின் உள்பக்கம் ஒரு பள்ளம் எடுத்து அடிப்பலகையை அதற்குள் செருகுங்கள். எடையை அந்தப் பள்ளம் தாங்கிக்கொள்ளும். இந்த ஒரு இடத்தில் மட்டும் சோம்பேறித்தனம் கூடாது. மற்ற மூலைகளில் பசையும் ஸ்க்ரூவும் போதும்.

பெட்டியின் நீளத்தைத் தீர்மானிப்பது ரம்பம். கைப்பிடியோடு சேர்த்து அளந்து, 2 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். பொதுவாக உள்ளளவு 60 செ.மீ. தாண்டினால் போதும். வெளியளவு 65 நீளம், 30 அகலம், 45 உயரம் என்று வைத்துக்கொள்ளலாம். 18 மி.மீ. பிளைவுட்டில் செய்தால் காலிப் பெட்டியே சுமார் 15 கிலோ. 12 மி.மீ. என்றால் சுமார் 10 கிலோ. கருவிகளே 10 கிலோவுக்கு மேல் வரும் என்பதால் 12 மி.மீ. எடுப்பதுதான் புத்திசாலித்தனம். ஆனால், பட்ஜெட் பார்ப்பவர்களுக்கு ஒரு கணக்கு: 8-க்கு 4 அடி, 18 மி.மீ. ஷீட் ஒன்றே ஒன்றில் இந்தப் பெட்டியும், பெஞ்சின் மூன்று அடுக்குகளும் சேர்ந்தே வந்துவிடும். 8 அடி ஷீட் ஃப்ளாட் லிஃப்டில் ஏறாது. அளவைக் கொடுத்துக் கடையிலேயே அறுத்து வாங்கிவிடுங்கள்.

உயரம் 45 என்பதற்குக் காரணம் உண்டு. பெஞ்சின் உயரமும் அதேதான். நீளமான பலகையை அறுக்கும்போது ஒரு முனை பெஞ்சில், மறுமுனை பெட்டியின் மேல். தனி ஆளாக வேலை செய்பவருக்கு இது இன்னொரு ஜோடிக் கைகள். ஐரோப்பாவில் 'டச்சு டூல் செஸ்ட்' என்ற வகைக்கு மூடி சாய்வாக இருக்கும். தண்ணீர் வழிந்து ஓடிவிடும், மேலே யாரும் சாமான் அடுக்க முடியாது என்பது அதன் வசதி. நம் வீடுகளில் தட்டையான எந்த இடத்தையும் காலியாக விடமாட்டோம், இஸ்திரி போட்ட துணி ஏறிவிடும் என்பது வாஸ்தவம்தான். இருந்தாலும், ஃப்ளாட்டுக்குத் தட்டை மூடியே சிறந்தது. துணியை எடுத்து வைத்துக்கொள்ளலாம். தாங்கிப் பிடிக்கும் பரப்பு திரும்பக் கிடைக்காது.

உள்ளே என்னென்ன? அமெரிக்க எழுத்தாளர் கிறிஸ்டோபர் ஸ்வார்ஸ் 2011-ல் வெளியிட்ட 'தி அனார்க்கிஸ்ட்ஸ் டூல் செஸ்ட்' என்ற நூலில், ஏறக்குறைய 50 நல்ல கருவிகள் இருந்தால் எந்த மர சாமானையும் செய்துவிடலாம் என்று வாதிட்டார். ஃப்ளாட்டில் தொடங்குபவருக்கு அதில் பாதிகூட வேண்டாம். இழைப்புளி ஒன்று, ரம்பம் இரண்டு, உளி மூன்று (6, 12, 25 மி.மீ.), கொட்டாப்புளி, சுத்தி, மூலைமட்டம், டேப், கோடு போட ஒரு கூரான கத்தி, டிரில், தீட்டுக்கல், அரம், எஃப்-கிளாம்ப் இரண்டு அல்லது நான்கு. இதில் முதலில் நல்லதாக வாங்க வேண்டியது தீட்டுக்கல். மழுங்கிய விலை உயர்ந்த உளியைவிடத் தீட்டிய சாதா உளி நன்றாக வெட்டும்.

பின்சுவரின் உள்பக்கம் துளைகள் போட்ட ஒரு ரீப்பரைப் பொருத்தினால் உளிகள் அதில் நிமிர்ந்து நிற்கும். ரம்பத்தை மூடியின் உள்பக்கம் மாட்டலாம். கனமான இழைப்புளி எப்போதும் அடியில்.

இனி, சென்னைவாசிகளுக்கு முக்கியமான விஷயம்: கடற்காற்று. ஒரு மழைக்காலம் கவனிக்காமல் விட்டால் ரம்பம் முழுக்கத் துரு ஏறிவிடும். வேலை முடிந்ததும் தையல் மெஷின் எண்ணெய் தொட்ட துணியால் ஒரு தடவை துடைத்து வைத்தால் போதும். பெட்டியின் அடியில் இரண்டு ரீப்பர் துண்டுகளை ஸ்க்ரூ போட்டு மாட்டுங்கள். பால்கனியில் தண்ணீர் தேங்கினாலும், கரையான் வந்தாலும் முதலில் அடிவாங்குவது அந்தத் துண்டுகள்தான். கெட்டுப்போனால் கழற்றிவிட்டு வேறு மாட்டலாம், பெட்டி தப்பித்துக்கொள்ளும்.

தூசி விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு மரத்தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. இழைப்புளி உருவாக்குவது பெரும்பாலும் சுருள் சுருளான சீவல், துடைப்பத்தால் கூட்டிவிடலாம். உப்புத்தாள் போடும்போதும் பிளைவுட்டை அறுக்கும்போதும் பறப்பதுதான் நுரையீரலுக்குள் போகும் நுண்தூசி. ஒரே அறையில் படுத்துத் தூங்குபவர்கள் அந்த இரண்டு வேலைகளையும் மாஸ்க் போட்டுக்கொண்டு பால்கனியில் செய்வதே நல்லது.

முதலில் எதைச் செய்வது, பெட்டியா பெஞ்சா? பெஞ்ச்தான். ஒட்டிய மேல்பலகையை ஒரு நாள் காயவிட்டு, கால்களை மாட்டிய கையோடு, பெட்டிக்கான பள்ளங்களை அதன் மேலேயே உட்கார்ந்து வெட்டிவிடலாம். முதல் பலகையிலேயே பெஞ்ச் ஆடுகிறதா, எந்தக் குச்சி லூஸ், எந்தத் துளை தப்பான இடத்தில் இருக்கிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். தப்பான துளையை அடைக்க வேண்டாம். அதன் பக்கத்தில் இன்னொன்று போட்டால் முடிந்தது.